ஐஸில் வைத்த நொதி

இன்று மட்டாஞ்சேரிச் சந்தையில் வாங்கிய பாலக்கீரையை மிக்ஸியில் அரைத்தேன். மூடியைத் திறந்ததும் சமையலறையில் நம் ஆய்வகத்தின் வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நீங்கள் என் கணவர் இல்லை, பக்கத்து மேஜைக்காரர். இலையின் பசுங்கணிகத்தில் வெளிச்சத்தைக் கொண்டு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி ஒன்று உண்டு. அதில் ஏடிபி போன்ற நியூக்ளியோடைடுகள் எங்கெங்கே ஒட்டுகின்றன, எது இறுகப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது என் வேலை. கீரையை அரைப்பது முதல் எல்லாம் ஐஸில்தான் நடக்கும். பிரித்தெடுத்துக் கரைத்த பிறகு மட்டும் அந்த நொதிக்குக் குளிர் ஆகாது, துண்டு துண்டாகிவிடும். நான் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தக் கரைசலோடு மேஜைமேல் நின்ற என் சோதனைக் குழாயைப் பார்த்து, கெட்டுப்போகுமே என்று ஐஸில் வைத்தீர்கள். நான் வருவதற்குள் பழைய இடத்திலேயே திருப்பியும் வைத்துவிட்டீர்கள்.

அன்று எதுவுமே ஒட்டவில்லை.

"இதுவரை எடுத்த அளவையும் நம்ப முடியாது. இந்த வேலையை வேற யாராவது செய்யட்டும்" என்றார் துறைத்தலைவர், எல்லார் முன்னிலையிலும். கான்வென்டில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அழக்கூடாது என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "சார், அது அவா தப்பில்லை. நான்தான் ஐஸ்ல வெச்சேன்."

வெளியே வந்ததும் கேட்டேன். "என் சாமானைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"நீங்கோ சாப்பிடப் போயிருந்தேள். பாவம், இந்தப் புழுக்கத்துல தனியா நிக்கறதேன்னு தோணித்து."

"யாரு, நானா குழாயா?"

"அப்போ குழாய்தான்."

மறுநாள் நீங்களே கீரை வாங்கி வந்து, நான் சொன்னபடியெல்லாம் செய்தீர்கள். பழைய அளவுகள் அப்படியே வந்தன. எவ்வளவு கழுவினாலும் நொதியை விடாத அந்த ஒன்று உட்பட. வேலை என்னிடமே நின்றது.

கல்யாணத்துக்குப் பிறகும் நீங்கள் திருந்தவில்லை. சாரல் படும் என்று என் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைப்பீர்கள். எறும்பு வரும் என்று சர்க்கரை டப்பாவை மாற்றுவீர்கள். நான் தேடித் தேடிச் சண்டை போடுவேன். "நல்லதுக்குத்தானேடீ மாத்தி வெச்சேன்" என்பீர்கள்.

காக்கநாட்டிலிருந்து மகள் வரும்போதெல்லாம், "வீடு எவ்வளவு ஒழுங்கா இருக்கும்மா" என்கிறாள். உண்மைதான். இந்த வீட்டில் நான் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. எதைக் கீழே வைத்தாலும், நகர்ந்திருக்கிறதா என்று இன்னமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.