வலப்பக்கம் மங்கிய பாட்டு

அண்ணா,

இன்று காலை மடிக்கணினியைத் திறந்ததும், புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று நம் டீஜே மென்பொருள் கேட்டது. சரி என்று அழுத்திவிட்டுத் துணி அலசப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒலி அமைப்புகள் பக்கத்தில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. பாட்டின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பாடுபவரின் குரல் சிதையாமல் இருக்க இன்னும் மேலான ஒரு முறையைச் சேர்த்திருக்கிறார்களாம். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சோதனைக்கு என்று நீ எப்போதும் போடச் சொல்லும் அந்தப் பழைய தாலாட்டுப் பாட்டை ஏற்றினேன். வேகத்தை மெல்லக் கீழே இழுத்தேன். அதைப் பாடும் அந்த அம்மாவின் குரல் நடுங்கவில்லை. மூச்சு வாங்கும் இடம்கூட மூச்சாகவே கேட்டது. இன்னும் இழுத்தேன். அப்போதும் உடையவில்லை.

"அண்ணா, சரியாயிருச்சு, வந்து கேளு" என்று வாய்வரை வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். வாசலில் அண்ணி கேழ்வரகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? உன் ஒருவனுக்கு மட்டுமே பெரிதாகத் தெரியக்கூடிய செய்தி அது.

நான் கல்லூரி முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் நீ இண்டூரில் ரேடியோ செட் வைத்திருந்தாய். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் உன் ஒலிபெருக்கிப் பெட்டிகள்தான் போகும். பிள்ளைகள் வெறும் பாட்டில் அலுத்துப்போய் டீஜே வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தபோது, ஒரு பழைய மடிக்கணினியையும் பாட்டுகளைக் கலக்க இரண்டு வட்டத் தட்டுகள் வைத்த கன்ட்ரோலரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய்.

"எனக்கு இந்த ஸ்கிரீனப் பாத்தாலே தல சுத்துது. நீ கம்ப்யூட்டரு படிச்சவ. நீ ஓட்டு பாப்பா, பெட்டியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "கட்டிக்குடுக்கற புள்ளய மேடையில ஏத்துவியா?" என்றார்.

"மேடைக்குக் கீழதானுங்க நிக்கும். நானும் அங்கதான நிக்கறேன்" என்றாய். அவ்வளவுதான் உன் வாதம். அதற்குமேல் நீ பேசவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நல்லம்பள்ளிப் பக்கம், நாம் சேர்ந்து பாட்டுப் போட்ட முதல் கல்யாணம். பெண்ணுக்குச் சித்தப்பா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஆம்பள ஆளு யாரும் வரலியா?" என்று உன்னிடம் கேட்டார். நீ ஒயரைப் பிரித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாய்: "ஒயரு இழுக்க நான் வந்திருக்கறனே. பாட்டு போடறது எந்தங்கச்சி. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, சுருட்டிக்கிட்டுப் போயிடறோம்." அவர் பந்திப் பக்கம் போய்விட்டார். வரவேற்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஆட இறங்கியது அவர்தான். நீ என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாய்.

அதன்பிறகு நமக்குள் வந்த சண்டையெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். மண்டபத்தில் ஆள் நிரம்புவதற்கு முன்னால் சோதனைக்கு ஒரு பாட்டைப் போடுவேன். நீ நட்ட நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வாய். வாழைமரம் கட்டுகிறவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கண்ணைத் திறக்கும்போதே உன் முகத்தில் குற்றப்பத்திரிகை இருக்கும்.

"களி கிண்டுன மாதிரி கெடக்குது பாப்பா. எது வயலினு, எது புல்லாங்குழலுன்னு ஒண்ணுந் தெரியல."

பார்த்தால், அந்தப் பாட்டு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. சுருக்கிச் சுருக்கி எலும்பும் தோலுமாக ஆன கோப்பு. நம்மிடம் இருந்த பாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டு, தரமான கோப்புகளாகத் தேடிச் சேர்த்தோம். அடுத்து, தாளத்துக்கு நடுவில் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்றாய். எனக்குக் கேட்கவே இல்லை. ஆனால் நீ சொன்னது சரிதான். மடிக்கணினி மூச்சு வாங்க நேரம் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தது. மென்பொருளில், பாட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் இடைச்சேமிப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்ததும் கடுகு அடங்கியது. பிறகு, சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்கு ஒலியை ஏற்றக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டாய். ஆடுகிற பிள்ளைகள் "அக்கா, சத்தம் வையுங்க்கா" என்று கத்துவார்கள். "சத்தம் வேணும்னா பெட்டியக் கூட்டறேன். பாட்டக் கிழிக்காத" என்பாய்.

தீராமல் நின்றது அந்தக் குரல் சிக்கல் மட்டும்தான். அடுத்த பாட்டோடு தாளம் சேர்வதற்காக வேகத்தைக் குறைத்தால், பாடுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். "என்னிக்காச்சும் ஒருத்தன் இத சரி பண்ணுவான் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் எப்போது என்று தெரியவில்லை, வலது பக்கம் மங்கலாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாய். முதலில் ஒயர் என்று நினைத்தோம், மாற்றினோம். பிறகு பெட்டிக்குள் பழுது என்று நினைத்து, இடப்பெட்டியை வலப்பக்கமும் வலப்பெட்டியை இடப்பக்கமும் தூக்கி வைத்தோம். அப்போதும் வலதுதான் மங்கியது. அப்படியானால் மடிக்கணினியிலிருந்து வெளியே வருவதே கோளாறு என்று முடிவு செய்து, புதிதாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கி மாட்டினோம். அதை மாட்டிய பிறகு எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அத்தனை பளிச்சென்று நம் செட்டில் அதற்குமுன் கேட்டதே இல்லை. எல்லோரும் அதைச் சொன்னார்கள். நீ மட்டும், "இன்னும் அந்தப் பக்கம் ஏறல" என்றாய்.

ஏரியூர்க் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். மத்தியானம், மண்டபம் காலி. நீ நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து சமையல்காரர் ஏதோ கேட்கக் கூப்பிட, அவர் பக்கம் திரும்பினாய். மேடைக்கு முதுகு காட்டியபடி அப்படியே நின்றுவிட்டாய். பிறகு என்னிடம் சொன்னாய்: "பாப்பா, இப்ப அந்தப் பெட்டி மங்குது. இது நல்லாயிருச்சு."

நான் மேசையை விட்டு வந்து நீ நின்ற இடத்தில் நின்றேன். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரிதான் பாடின. மறுபடி மேடையைப் பார்த்துத் திரும்பச் சொன்னேன். மங்கல் உன்னோடு சேர்ந்து திரும்பியது.

உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பெட்டிகளை அணைத்துவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் உன் வலது காதில் வைத்து அழுத்தினேன். திரையில் பாட்டின் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. நீ கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, "எதுக்குப் பாட்ட நிறுத்துன?" என்று கேட்டாய்.

நீயே திரையைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "சரி, ஆளுங்க வர்ற நேரமாச்சு" என்று எழுந்தாய். அன்று சாயங்காலம் வரவேற்பில் ஒரு பாட்டுகூடத் தாளம் தப்பவில்லை. பிள்ளைகள் அப்படி ஆடினார்கள். நீ ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

தர்மபுரியில் பார்த்த காது டாக்டர் சேலத்துக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. ரொம்ப நாளாக மெல்ல வளர்ந்து, மூளைத் தண்டை நெருக்கிக்கொண்டிருந்தது.

"பாட்டுச் சத்தத்தாலங்களா?" என்று நீ கேட்டாய்.

"அதனால இல்லீங்க. இது யாருக்கு வேணா வரும். கட்டி கெட்ட கட்டி இல்ல. அது இருக்கற எடந்தான் கெட்ட எடம்" என்றார் டாக்டர்.

சத்தத்தால் வந்தது என்று அவர் சொல்லியிருந்தால் பெட்டிகளையாவது திட்டியிருக்கலாம். பேருந்தில் வரும்போது யார்மேல் கோபப்படுவது என்று உனக்கும் எனக்கும் அண்ணிக்கும் தெரியவில்லை. தொப்பூர் தாண்டியதும் அண்ணிதான் பேசினார். "காது போனாப் போவுட்டும். ஆளு இருந்தாப் போதும்." நீ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் உனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது உனக்குக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெங்களூரில் அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது வலது காது முழுக்கப் போயிருந்தது. வாயின் வலது ஓரம் கொஞ்சம் தொங்கியிருந்தது. கொஞ்ச நாள் கழித்து நீயே மடிக்கணினியைக் கேட்டாய். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "பாதிதான் வருது. புல்லாங்குழலு எங்க போச்சு?" என்றாய். அந்தப் பாட்டில் புல்லாங்குழல் வலப்பக்கம் மட்டும் வரும்.

அமைப்புகளுக்குள் போய் மோனோ என்ற இடத்தை அழுத்தினேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாக அனுப்பும் முறை. தரம் பார்க்கிறவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். அகலம் ஆழம் எல்லாம் போய்விடும். இத்தனை நாளும் ஒவ்வொன்றாக நாம் ஏற்றி வைத்ததை, உனக்காக ஒரே அழுத்தில் இறக்கினேன். நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"வந்துருச்சு. எல்லாம் வந்துருச்சு. ஆனா எல்லாரும் ஒரே எடத்துல நிக்கறாங்க பாப்பா, டவுன் பஸ்ஸுல நிக்கற மாதிரி."

பாதி வாயால் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு அந்தச் செத்துப்போன காதைத் தொட்டுக்காட்டி, "இதுக்குள்ள ஒரு எரைச்சல் ஓடிக்கிட்டே இருக்குது. கரன்ட்டுக் கம்பி மாதிரி. இதக் கொறைக்க ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டாய். டாக்டரைக் கேட்கிற மாதிரி இல்லை. மென்பொருளில் எதையாவது திருப்பினால் குறையுமா என்று கேட்கிற மாதிரி, நிஜமாகவே என்னைக் கேட்டாய். இல்லை அண்ணா என்றேன்.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்தது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி என்று மறுபடியும் பெங்களூர். போகும்போது நினைவு இருந்தது. திரும்பும்போது ஆம்புலன்சில் உன்னைக் கொண்டுவந்தோம்.

உன் சாவுக்குப் பக்கத்து ஊர் ரேடியோ செட்காரர் தானாகவே பெட்டிகளைக் கொண்டுவந்து கட்டினார். உன்மேல் அவருக்கு அத்தனை மரியாதை. ஆனால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பாட்டு கிழிந்து கிழிந்து தெருவெல்லாம் விழுந்தது. பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து போனேன். "அக்கா, நீங்க போயி உக்காருங்கக்கா" என்றார் அவர். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சிவப்பு பச்சையாகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன். ஒப்பாரியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உனக்காக நான் சரிசெய்த கடைசிச் சத்தம் அது. அதையும் நீ கேட்கவில்லை.

இப்போதும் கல்யாணங்களுக்குப் போகிறேன். பெட்டிகளை அந்தப் பக்கத்து ஊர்க்காரரே எடுத்துக்கொண்டார். மடிக்கணினிக்கு நான். சத்தம் எப்படி இருந்தாலும் "சூப்பரா இருக்குதுங்க" என்கிறார்கள். நன்றாக இருக்கும்போதும் அதையேதான் சொல்கிறார்கள். மண்டபத்தின் நடுவில் யாரும் நிற்பதில்லை.

போன வாரம் அண்ணி கேட்டார்: "பாப்பா, அவரு கொரலு எங்கியாச்சும் இருக்குதா?"

இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நாம் போட்ட நிகழ்ச்சிகளையெல்லாம் மென்பொருளிலேயே பதிந்து வைத்திருக்கிறேனே. ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டினேன். பாட்டுகள் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பதிவில் கணினியிலிருந்து போகிற பாட்டு மட்டும்தான் விழும். நீ பேசிய மைக் தனியாக, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை மேடைக்குக் கூப்பிட்டதும், சாப்பிடப் போகச் சொன்னதும், காணாமல்போன குழந்தைக்கு அம்மாவைத் தேடியதும் எதிலும் இல்லை. போனிலும் நீ பேசி அனுப்புகிற ஆள் இல்லை. கூப்பிடுவாய், சொல்வாய், வைத்துவிடுவாய். கல்யாண வீடியோக்களில் உன் வாய் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது.

இல்லை என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னைய 'இந்தா புள்ள'ம்பாரே. அது எப்புடி சொல்லுவாரு? எனக்கு மறந்துக்கிட்டே வருது. நீ ஒருக்கா சொல்லு."

சொன்னேன்.

"அப்படியில்ல. இன்னுங் கொஞ்சம் கீழ."

குரலை இறக்கிச் சொன்னேன். அவர் தலையசைத்தார், இல்லை என்று. தானும் சொல்லிப் பார்த்தார். நான் இன்னொரு தடவை, இழுத்து, மெதுவாக. வாசலில் உட்கார்ந்து அவர் ஒரு தடவையும் நான் ஒரு தடவையுமாக வெகுநேரம் சொல்லிப் பார்த்தோம். அத்தனை தடவையும் எங்கள் குரல்தான் வந்தது.