முல்தான் மாஸ்டருக்கு நான் போட்ட பாரிஸ் ரிக்கெற்

அண்ணை,

இன்று காலை ஜான்-டலோன் சந்தையில் சின்னத் தோடம்பழங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தன. கடைக்காரப் பெண் ஒன்றை உரித்து, ருசி பார்க்கச் சொல்லி நீட்டினாள். தோலின் வாசம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். மார்கழி முழுக்க நம் கடையில் அந்த வாசம்தானே. உங்கள் விரல் பட்டுக் கணினியின் எழுத்துக் கட்டைகள் எல்லாம் ஒட்டும். "கையைக் கழுவிப்போட்டுத் தட்டுங்கோ அண்ணை" என்று நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன். "நீர் வந்து தட்டும், நான் உமக்கு உரிச்சுத் தாறன்" என்பீர்கள். பழத்தை வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்து இதை எழுத இருந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. இந்தக் கிழமைதான் அது முடிந்தது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூலைக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே இருக்கும் நம் விமான ரிக்கெற் கடை இப்போதும் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. தொலைபேசியைத் தடவினால் ரிக்கெற் கிடைக்கும் காலத்தில் இந்தக் கடைக்கு யார் வருவார்கள் என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது வந்து வரிசையில் நிற்கிறார்கள். தூரப் பயணத்தை மலிவாகப் போட்டுத்தர ஆள் வேண்டியிருக்கிறது அல்லவா?

நீங்கள் ரிக்கெற் போடுகிற விதம் வேறு எங்கும் கிடையாது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் "நடந்து பார்க்கிறது." வருபவரைக் கதவோரக் கதிரையில் இருத்துவீர்கள். அது அவருடைய வீடு. அடுத்த கதிரை முதல் விமான நிலையம். அதற்கும் அடுத்தது, இறங்கி வேறு விமானம் ஏறும் ஊர். மனிதர் தன் கைப்பையோடு ஒவ்வொரு கதிரையாக எழுந்து போய் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி. "இப்ப ஆர் உங்களை மறிப்பான்? அவனுக்கு எதைக் காட்டுவியள்?" அவர் பதில் சொன்ன பிறகுதான் உங்கள் விரல் கணினிக்குப் போகும். லவாலில் இருந்து வந்த ஒருவர் சிரித்துச் சிரித்து, "என்ன இது, வயசுபோன காலத்திலை கிளித்தட்டு விளையாடி மறிக்கிறியளோ?" என்று கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. சண்டைக் காலத்தில் நாலு நாடு மாறி இங்கே வந்து சேர்ந்தவர் நீங்கள். அதில் ஒரு விமான நிலையத்தில் சன்னல் இல்லாத அறையில் மூன்று நாள் வைத்திருந்தார்களாம். அதை ஒரே ஒரு தரம், அதுவும் பாதிதான் சொன்னீர்கள். மட்டக்களப்பில் இருந்து அக்காவின் பொறுப்பில் நேராக வந்து இறங்கிய எனக்கு அந்த அறை விளங்கவில்லை. கதிரை மாறுவதை யாழ்ப்பாணத்தாரின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நமக்கென்று ஒரு பாரிஸ் வழி இருந்தது, நினைவிருக்கிறதா? மொன்றியலில் இருந்து பாரிசுக்கு ஒரு மலிவு ரிக்கெற். பாரிசில் இருந்து கொழும்புக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள். பாரிசில் சித்தியோ மச்சாளோ இல்லாத தமிழர் யார்? பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் யாராவது காரோடு நிற்பார்கள், புட்டும் மீன்குழம்பும் இருக்கும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. இதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று எனக்கு ஒரு தலைக்கனமும் இருந்தது. உண்மைதானே, நான்தான் கண்டுபிடித்தேன்.

அப்போதுதான் நாசியா வந்தாள். பக்கத்துத் தெருக் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் பாகிஸ்தான் பெண். அவளுடைய அப்பா முல்தானில் நாற்பது வருடம் பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வகுப்பறைச் சுவரில் தொங்கிய படத்தில் சென் லோரன்ஸ் ஆற்றைக் குச்சியால் காட்டிக் காட்டியே தலை நரைத்தவராம். மகள் அந்த ஆற்றின் நடுவில் இருக்கும் மொன்றியல் தீவிலேயே குடியிருக்கிறாள், அவரோ நாட்டைவிட்டு ஒரு தரமும் வெளியே வந்ததில்லை. அவருக்கும் மனைவிக்கும் கனடா விசா நெடுநாள் காக்கவைத்து ஒருவழியாகக் கிடைத்திருந்தது. "அப்பா ஒரேயொரு தரம்தான் வருவார், அவரால் இன்னொரு தரம் முடியாது. மலிவாக இருக்க வேண்டும், ஆனால் ஆற்றை அவர் பார்த்துவிட வேண்டும்" என்று பிரெஞ்சில் என்னிடம் சொன்னாள்.

அந்தக் கிழமை நீங்கள் முதுகுவலியோடு லவால் வீட்டில் படுத்திருந்தீர்கள். நான் தனியே இருந்து தேடினேன். பள்ளி விடுமுறை முடிந்து விலை விழும் நாட்கள், செவ்வாய்க்கிழமைப் பயணம், எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டேன். கடைசியில் லாகூரில் இருந்து பாரிசுக்கு ஒரு ரிக்கெற், பாரிசில் இருந்து மொன்றியலுக்குத் தனியாக இன்னொன்று. அவ்வளவு குறைந்த விலையில் வேறு யாராலும் போட்டிருக்க முடியாது. நாசியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் திரும்பி வந்ததும் விலையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள். "நடந்து பார்த்தனீரோ?"

"ஓம் அண்ணை, பார்த்தனான்" என்றேன். பொய். கதிரைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பயண நாளன்று மதியத்துக்குச் சற்று முன் நாசியா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கடைக்குள் ஓடி வந்தாள். கார்டெரி உடுப்புக்கூட மாற்றவில்லை. லாகூரில் அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பாரிசில் பையை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமென்றால் பிரான்ஸ் நாட்டுக்குள் இறங்க வேண்டும். பாகிஸ்தான் பாஸ்போட்டில் இறங்க விசா வேண்டும். அவர்களிடம் இருந்தது கனடா விசா மட்டும். வழியனுப்ப வந்த சொந்தக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பெரிய பைகளோடு அந்த மனிதர் வரிசையில் இருந்து வெளியே வந்து நின்றாராம்.

நீங்கள் தொலைபேசியை வாங்கி, முன்பு ஒரு களஞ்சியத்தில் கூட வேலை செய்தவர்களிடம் பொறுக்கிய அரைகுறை உருதுவில் மாஸ்டரோடு நெடுநேரம் கதைத்தீர்கள். பிறகு நாசியாவைப் பார்த்துச் சொன்னீர்கள், "இது என் பிழை, மடாம். இந்த மாதத்துக்குள் அவர்களை இங்கே இறக்குவேன். செலவு கடையுடையது." நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பிழை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. அவள் உங்களைப் பார்த்த பார்வை என்மேல் விழுந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

அவள் போன பிறகு நீங்கள் ஏசவில்லை. கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "பாரிசிலை அவையளை ஆருடைய வீட்டிலை நிப்பாட்ட யோசிச்சனீர்? உம்மடை சித்தி வீட்டிலையோ?"

நான் போட்ட பதிவுத் தாளை எடுத்து மடித்தேன்.

"உமக்குக் கனடாப் பாஸ்போட் கிடைச்சு எத்தினை வருசம்? அதுக்குள்ளை மறந்திட்டீரோ?"

அந்த ஒரு கேள்வி இன்றைக்கும் எனக்குச் சுடும். மறந்துதான் போனேன், அண்ணை. அக்காவின் கல்யாணத்துக்கு வர விசா கேட்டு இரண்டு தரம் இல்லை என்று பதில் வாங்கியவள் நான். எந்தப் பாஸ்போட்டுக்கு எந்தக் கதவு திறக்காது என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நீலப் பாஸ்போட்டைக் காட்டினால் எவனும் மறிப்பதில்லை என்ற சுகத்தில், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் போய்வருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே புது வழி தேடினீர்கள். லாகூரில் ஏறி, வளைகுடாவில் ஒரு தரம் மாறி, ரொறன்ரோ. ஒரே ரிக்கெற், நடுவில் எந்த நாட்டுக்குள்ளும் இறங்கத் தேவையில்லை, பை நேராக ரொறன்ரோவுக்கு வரும். மொன்றியல்வரை இன்னொரு விமானம் ஏற்றினால் விலை தாங்காது. ஆகவே அங்கிருந்து பஸ். கதிரைகளை நீங்களே இழுத்துப் போட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இருந்து எழும்பினீர்கள். நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன். "மலிவு மலிவு எண்டு துள்ளினீர். ஆள் வந்து இறங்காத ரிக்கெற்றுக்கு மலிவென்ன, விலையென்ன?" என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர்கள் வந்த அன்று நாசியாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்று கிளம்பினீர்கள், என்னையும் வரச் சொன்னீர்கள். ரொறன்ரோ விமான நிலையத்தில் மாஸ்டர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, பள்ளிக்கூடத்துக்கு வருபவர்போலவே வந்தார். பின்னால் அவருடைய மனைவி, கையில் முல்தான் அல்வாத் தகரம். ஏறி வந்த வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாராம்.

மொன்றியலுக்கு நேர் பஸ் இருக்க, நீங்கள் பாதி வழியில் இருக்கும் கிங்ஸ்டன்வரை ஒரு ரிக்கெற்றும், அங்கிருந்து பின்னேரம் புறப்படும் பஸ்ஸுக்கு இன்னொரு ரிக்கெற்றும் வாங்கியிருந்தீர்கள். நடுவில் பையை எடுத்து இறங்கவேண்டும். மறுபடி இரண்டு ரிக்கெற்றா என்று உங்களை நிமிர்ந்து பார்த்தேன்.

"இது உம்மடை வழிதான்" என்றீர்கள். "வழியிலை பிழையில்லை. இங்கை ஒருத்தனும் மறியான், அவ்வளவுதான்."

கிங்ஸ்டனில் இறங்கி டாக்சி பிடித்து, பைகளை உருட்டிக்கொண்டு தண்ணீர்க் கரைக்குப் போனோம். மாஸ்டர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏரி எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்கள். உங்களுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டீர்கள். அவர் மனைவியின் குடையை வாங்கினார், அதைக் கிழக்குப் பக்கம் நீட்டினார், தொடங்கிவிட்டார். உருதுவில் முழுப் பாடம். பெரிய ஏரி, அதன் வாய், ஆயிரம் தீவுகள், மொன்றியல், கியூபெக், கடைசியில் கடல். எனக்கு இடப் பெயர்களைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் விளங்கியது. காற்றில் கழுத்துப்பட்டி தோளுக்குமேல் பறக்க, அவர் நாற்பது வருடப் பாடத்தை ஆற்றுக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா தகரத்தைத் திறந்து முதல் துண்டு அல்வாவை என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழை என்னுடையது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன் என்று உங்கள் பக்கம் குனிந்தேன். "இப்ப வேண்டாம், வகுப்பு நடக்குது" என்று என் காதில் சொன்னீர்கள்.

வகுப்பு முடிந்தது. பஸ்ஸில் ஏறினோம். நாசியா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்று வருடம் சொல்லவில்லை, இருந்தவரை நீங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. உங்கள் செத்தவீட்டில் நாசியா வந்து, "பிழைவிட்டால் நேர் முகத்துக்குச் சொல்கிற மனிதர்" என்று உங்களைப் பற்றி என்னிடமே சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் மறுபடி கடைக்கு வந்தாள். மாஸ்டரிடம் படித்தவர்கள் நாலு பேர், இப்போது அவர்களுக்கும் வயதாகிவிட்டது, ஆற்றைப் பார்க்க வர ஆசைப்படுகிறார்களாம். மலிவாக வேண்டும். உங்கள் கடையைவிட்டால் வேறு யார் என்றாள். விசாக்கள் கையில் தயார். நான் கணினியைத் தொடவில்லை. எழுந்து நின்று, பாரிஸ் ரிக்கெற் போட்டது நான், நடந்து பார்த்தேன் என்று பொய் சொன்னதும் நான், அண்ணைக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறு கடைக்குப் போவதென்றால் நானே நல்ல இடம் காட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கைப்பையில் இருந்து தொலைபேசியை எடுத்தாள். பிறகு, "வரிசையில் இருந்து வெளியே வந்து நின்றவர் அப்பாதான். அவரிடம் சொல்லுங்கள்" என்று சொல்லி, அங்கேயே முல்தானுக்கு அழைத்தாள். திரையில் மாஸ்டர் வந்தார், நன்றாக மெலிந்திருக்கிறார். நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பிழை யாருக்கும் வரும், மகளே" என்றார். "ஆனால் செய்யாதவனை வகுப்பில் தண்டனைக்கு வாங்கின்மேல் ஏற்றி நிற்கவிட்டு, நீ மூன்று வருடம் உட்கார்ந்திருந்தாய்."

"ஓம், சேர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"சரி. என் பிள்ளைகள் நாலு பேரின் ரிக்கெற்றையும் நீயே போடு. எழுதிக்கொள்" என்று ஒவ்வொரு பெயராக, எழுத்துக்கூட்டிச் சொல்லத் தொடங்கினார்.

மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணை. உங்களுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் இல்லாதபோது சொன்னேன். அந்தக் குறை என்னோடுதான் இருக்கும், அதைச் சுமக்க எனக்குத் தெரியும். ஆனால் வேலையில் எனக்குப் பயமில்லை. நாலு பேருக்கும் வழி பார்த்து முடித்துவிட்டேன், ஒவ்வொரு வாசலிலும் அவர்களை யார் மறிப்பான், எதைக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். பதிவுத் தாளின் அடியில் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? நீங்கள் போன பிறகும் பழக்கத்தில் அதில் உங்கள் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை என் பெயரை எழுதினேன்.