வெறுஞ்சட்டியோடு போன நாள்

காலையில் கழுவி அடுக்கிய பாத்திரங்களுக்கு நடுவே அந்தச் சில்வர் சட்டி மறுபடியும் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஆணியால் குத்திய 'பா'. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் நண்டுக்கறி வாசம் போகவில்லை. முன்வீட்டுப் பாக்கியத்தின் சட்டி. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இது மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

உன்னோடுதான் எனக்குக் கோபம், அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். வகுப்பில் ஒரே கணக்கை ஏழு தரம் பிழையாகச் செய்த பிள்ளையிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை ஒரு சட்டி இந்தப் பாடு படுத்துகிறது.

கறி வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் நாலு பச்சை மிளகாயைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நீ அப்படியா செய்தாய்? கழுவிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்வாசல் படியில் வாவியைப் பார்த்தபடி கால் மணி நேரம் இருப்பாய். நான் உள்ளே தேநீருக்குக் காத்திருப்பேன்.

"ஒரு சட்டிக்கு என்னத்துக்கு இவ்வளவு யோசனை?"

"இஞ்சேருங்க, கொஞ்சம் சும்மா இருங்க. அந்த வீட்டை நினைச்சுப் பாக்கிறன்."

நினைத்து முடித்து எழும்பும்போது உன் முகம் நல்ல நித்திரை கொண்டு எழும்பியவளின் முகம்போல இருக்கும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு நாள் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். "உதாரணத்துக்கு, ஒண்டை மூண்டால வகுத்துப் பார். மூண்டு, மூண்டு, மூண்டு எண்டு வந்துகொண்டே இருக்கும். உன்ட சட்டியும் அப்படித்தான். அவ கறி தருவா, நீ புட்டுக் குடுப்பாய், மறுகா அவ மாங்காய் தருவா. எங்க முடியிறது?"

"முடியாட்டி என்ன? நீங்கதானே அந்த மூண்டுக்கு மேல ஒரு புள்ளி வெச்சிட்டு, சரி போட்டு விடுறீங்க."



நீ போன பிறகு முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீடு நிறையச் சட்டிகள். எல்லாவற்றையும் இரண்டே நாளில் வெறுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துக்க வீடு என்றபடியால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியம் மட்டும் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை கறி வரும். நானும் கடைச்சந்தியில் மாரி பிஸ்கட் வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பக்கற்றைச் சட்டிக்குள் வைத்து அனுப்பினேன். கடைசியில் அவள் கேற்றடியில் என்னை மறித்துச் சொன்னாள்: "சேர், எங்கட வீட்டில பிஸ்கட் தின்ன ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல."

போதும், இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று போன மாதம் ஒரு திங்கட்கிழமை வெறுஞ்சட்டியோடு போனேன். இனிக் கறி வேண்டாம், நான் தனி ஆள், கடையில் சாப்பிடுவேன் என்று சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு என் பாட்டில் இருக்க விட்டால் போதும் என்றிருந்தது. முற்றத்தில் வலையிலிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்காவோட முடிஞ்சுது எண்டு சொல்லுறீங்களா சேர்?"

"அப்படி இல்ல பாக்கியம். உதாரணத்துக்கு..."

"உதாரணம் வேணாம். சட்டியைக் கொண்டு போங்க. என்ன போடுறது எண்டு விளங்கினாப் பிறகு மறுகா வாங்க."

வீட்டுவேலை செய்யாமல் வந்த மாணவனைப்போல அறுபத்தெட்டு வயதில் திருப்பி அனுப்பப்பட்டேன். ஒழுங்கையில் போனவர்கள் சிரித்தார்கள்.

கோபத்தில் அடுப்படிக்குள் போகவும் மனமில்லாமல் உன் படியில் உட்கார்ந்தேன். சட்டி மடியில் இருந்தது. அந்த வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை. இருபது வருடமாக முன்வீடு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களின் நாய் என்னைக் கண்டால் குரைக்கும் என்பதுதான். வேறு வழியில்லாமல் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரத்துக்குப் பிறகுதான் கரையில் பாக்கியத்தின் புருசனுடைய தோணி கவிழ்ந்து கிடப்பது கண்ணில் பட்டது. அதன்மேல் காய்ந்த சருகுகள். பல நாளாக அது தண்ணீரில் இறங்கவில்லை. அப்படியானால் முதல் நாள் எனக்கு வந்த நண்டு எங்கிருந்து வந்தது?

அன்று நான் பயறு அவித்தேன். அதுவும் அடிப்பிடித்துவிட்டது. தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு மறைத்துக்கொண்டு போனேன்.

"அவருக்கு என்ன, பாக்கியம்?"

"கெளுத்தி முள்ளுக் குத்திக் கால் வீங்கிட்டு சேர். மூணு கிழமை. நீங்க இண்டைக்குத்தான் கேக்கிறீங்க."

"அப்ப அந்த நண்டு?"

"அண்ணன்ட தோணியில வந்தது. எங்களுக்குக் கறி காய்ச்சேக்குள்ள உங்களுக்கும் ஒண்டு." ஒரு பிடி பயற்றை வாயில் போட்டு மென்றாள். "அடிப்பிடிச்சிருக்கு சேர்."

"தெரியும்."

"பரவாயில்ல. பிஸ்கட்டை விட நல்லம்."

திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போனபிறகு அதுதான் முதல் தடவை. அதற்கும் உன்னோடு கோபம்தான். இந்தச் சுகத்தை இத்தனை வருடமும் கால் மணி நேரம் கால் மணி நேரமாக நீ தனியாக அனுபவித்திருக்கிறாய். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

அவருடைய கால் ஆறிவிட்டது. நேற்றைய நண்டு அவர் தோணியில் வந்தது. ஆகவே சட்டி மறுபடியும் என் வீட்டில். இன்று படியில் அரை மணி நேரம் இருந்தேன், தேநீர் ஆறிப்போயிற்று. போன கிழமைக் காற்றில் அவர்கள் வீட்டு முருங்கை முறிந்தது நினைவுக்கு வந்தது. நீ நட்ட முருங்கையில் ஆறு காய் பிடுங்கியிருக்கிறேன். எப்படி வைத்தாலும் சட்டிக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்படியேதான் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடக்க வேண்டும். என்ன சேர் இது என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். என் மனைவி விட்டுவிட்டுப் போன வேலை, நான் முடிக்கிறேன் என்று சொல்லலாம்.

முடிக்கிறேன் என்று எழுதியது பிழை. வெட்டிவிட்டேன். செய்கிறேன்.