செலினா கல்யாணத்தில் பிடுங்கின வயர்

ராஜபாளையம்,
நவம்பர் 9

அன்பு மகன் கிளாட்வினுக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், உன் சுகத்தை நீ சொல்லாவிட்டாலும் யூடியூபில் பார்த்துக்கொள்கிறேன். முதலில், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் உன் தங்கச்சி செலினா கல்யாணத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் உன் கிடார் பக்கத்தில் இருந்தவர்கள் பேரை எழுதிவிடுகிறேன், கிழவிக்கு ஞாபகம் போச்சு என்று நீ சொல்லக்கூடாது. கீபோர்டில் தவமணி வாத்தியார், டிரம்முக்கு ஜெபின், மைக்செட்டுக்கு மைதீன் பிச்சை, தூணோரம் உன் அப்பா, அவருக்குப் பின்னால் நான், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய். உன்னோடு ஏழு பேர்.

இதை எழுதக் காரணம் உன் பேட்டி. செலினா மகள் பிளஸ்ஸிதான் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னாள். உன் வீட்டில் யாரும் உன் பாட்டைக் கேட்டதே இல்லையாம். ஆறு ஆல்பமும் கேட்டாச்சு மகனே. இருபத்தேழு நிமிஷப் பாட்டைப் போட்டுவிட்டு மாவு ஆட்டி, கிரைண்டரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், அதுவரை பாடுகிறவன் வாயைத் திறக்கவில்லை, பிறகு திறந்தவனும் நாலு வரியில் மூடிவிட்டான். கிடாரை மடியில் படுக்கப்போட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுகிறாய். தெருமுனையில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற உக்கிரபாண்டியும் அதைத்தான் செய்கிறான், அவன் சுரண்டினால் கடைசியில் தண்ணீராவது வருகிறது. உன் கச்சேரிக்கு வந்த வெள்ளைக்காரர்களில் ஒருத்தராவது காலை ஆட்ட வேண்டுமே, அடக்க ஆராதனைக்கு வந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீ தாளத்தையே உடைத்துவிட்டாய் என்று ஒருத்தன் புகழ்ந்து எழுதியிருக்கிறானாம். அவனுக்கு முந்தியே அதை நான் கண்ணால் பார்த்தவள். செலினா கல்யாணத்தன்று, பொண்ணு நடந்து வருகிற பாட்டை ஏழு ஏழாக எண்ணி வாசித்தாய். தாய்மாமன் கையைப் பிடித்து வந்த செலினா இடது காலில் தொடங்கினாள், அடுத்த சுற்று வலது காலில் விழுந்தது, பிறகு எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் சேலை தடுக்கிப் பாதி வழியில் நின்றுவிட்டாள். வெள்ளைத்தாய் ஜன்னல் வழியாக, "ஏட்டி ஏசம்மா, ஒம் மவ என்ன பாண்டி வெளையாடுதாளா" என்று கேட்டாள். அவளோடு நான் எட்டு மாசம் பேசவில்லை.

அன்றைக்குப் பாதிப் பாட்டில் கிடார் வயரைப் பிடுங்கினது அப்பா, அதனால்தான் ஊரைவிட்டுப் போனேன் என்று பேட்டி எடுத்த அந்த ஜெர்மனிக்காரனிடம் சொல்லியிருக்கிறாய். போனில் சொன்னால் நீ நடுவில் வெட்டிவிடுவாய், அதனால் என் ஐந்தாம் கிளாஸ் எழுத்திலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய். செலினா கண் கலங்கி என்னைத்தான் பார்த்தாள். இரண்டு பிள்ளையில் ஒரு பிள்ளையைத்தான் அந்த நேரத்தில் என்னால் பார்க்க முடிந்தது. பிடுங்கினது நான். நீ கண்ணைத் திறப்பதற்குள் உன் அப்பா என் கையிலிருந்த வயரை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். நீ கிடாரைத் தூக்கிக்கொண்டு நேரே பஸ்ஸ்டாண்டுக்குப் போனாய். நான் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு, "சும்மா கெட, அவனுக்கு அம்மான்னு ஒருத்தியாச்சும் மிஞ்சட்டும்" என்றார். பதினைந்து வருஷம் நீ என்னோடு மட்டும் போனில் பேசினாய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அடக்கத்துக்கும் நீ வரவில்லை. அதன் பிறகும் நான் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஜனவரி 22 அதே சர்ச்சில் பிளஸ்ஸிக்குக் கல்யாணம். மாமா அந்த ஏழு எண்ணிக்கைப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம். தினமும் மொட்டைமாடியில் நடந்து பழகுகிறாள், "ஏழாவதுல செத்த நின்னுட்டு அடுத்த கால வச்சா சரியா வருது அம்மாச்சி" என்கிறாள். அந்தப் பாட்டென்றால் சர்ச்சுக்குள்ளேயே வரமாட்டேன் என்கிறாள் செலினா, வருவாள். நீ என் முகத்தில் விழிக்க விரும்பாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைக்கு வாசித்துவிட்டு, உன் அப்பா கல்லறையில் போய்க் கொஞ்ச நேரம் நில். குளிருக்குக் கழுத்தில் துண்டைச் சுற்று, ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள். கர்த்தர் உன் விரல் பத்தையும் பத்திரமாகக் காக்கட்டும். அடக்கத்துக்கு வராத உன்னைக்கூட, நீ வந்து நின்றால் மன்னித்துவிடுவேன். என் குற்றத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமலே போய்விட்ட அந்த மனுஷனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவர் இருந்தவரை வாயால் சொல்லாத பேரை இப்போது எழுதுகிறேன், கிறிஸ்துராஜ்.

இப்படிக்கு,
உன் அம்மா ஏசம்மாள்