பழகுநர் உரிமத் தேர்வில் கேள்வியை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது தொடர்பாக

அனுப்புநர்
ந. அழகியமணவாளன் (வயது 51),
சின்னக் காஞ்சிபுரம்.

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: இருசக்கர வாகனப் பழகுநர் உரிமம் – வாய்மொழித் தேர்வு – 'அலுவலரைக் கேலி செய்தார்' என்று எழுதி விண்ணப்பம் திருப்பித் தரப்பட்டது – கேலி செய்யவில்லை எனத் தெரிவித்தல் – மார்கழி பிறக்கும் முன் மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெரியவர்களுக்கு எழுதும்போது 'அடியேன்' என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். அரசாங்க மனுவில் அப்படி எழுதினால் சிரிப்பார்கள் என்று என் மகள் மானஸா எல்லா இடத்திலும் அடித்து 'நான்' என்று திருத்திவிட்டாள். ஆகையால் இனி நான்.

1. கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நான் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். முன்வரிசைக்காரர்கள் ஓர் அடியைத் தொடங்குவார்கள். பின்வரிசையில் உள்ளவர்கள் தொடர்ந்து சொல்வோம். நான் பின்வரிசை. இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட முதல் வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. ஐப்பசி மாதம் ஐயம்பேட்டையில் பெருமாள் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் திரு. கலியாணசுந்தரம் என் வீடு தேடி வந்தார். "மார்கழி முப்பது நாளும் நீங்கதான் சாமி வந்து ஆரம்பிக்கணும். எங்க ஜனங்க பின்னாடியே சொல்லிக்கினு வருவாங்க" என்றார். 'ஆரம்பிக்கணும்' என்ற சொல் காதில் விழுந்ததுமே தலையாட்டிவிட்டேன். அவர் போன பிறகுதான் எப்படிப் போய்ச் சேருவது என்ற யோசனை வந்தது. விடியற்காலை நாலரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. சைக்கிள் மிதிக்க முழங்கால் சம்மதிப்பதில்லை. முப்பது நாளும் ஆட்டோ வைத்துக்கொள்ள எனக்குக் கட்டுப்படியாகாது.

3. என் மைத்துனன் அச்சுத் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன மொபெட் எங்கள் வீட்டு ரேழியில் நின்றது. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்தேன். ஐயா, ஐம்பத்தொரு வயதில் ஒருவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை, வந்துவிட்டது. ஸ்டாண்டை எடுக்காமலேயே தினம் கால் மணி நேரம் ஓட்டினேன். "ஏன்னா, சுவருக்கு எதுக்கு ஹாரன் அடிக்கறேள்? அது நகராது" என்று என் மனைவி ஜெயலக்ஷ்மி சொல்லும் அளவுக்கு ஓட்டினேன்.

4. உரிமம் இல்லாமல் சாலையில் இறங்க எனக்கு மனமில்லை. பேருந்து நிலையத்துக் கடையில் சாலை விதிப் புத்தகம் ஒன்று வாங்கினேன்; அறுபது கேள்வி, அறுபது பதில். எனக்குப் பாடம் பண்ணத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்களவர்கள் அதைச் சந்தை என்பார்கள். சொல்லிவைப்பவர் ஒரு தரம் சொன்னால், கற்பவர் அதையே இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். மானஸா கேள்வியைப் படிப்பாள், இரண்டு தரம் சொல்வேன். பதிலைப் படிப்பாள், அதையும் இரண்டு தரம் சொல்வேன். பத்தொன்பது நாளில் அறுபதும் வாயில் ஏறிவிட்டன. முன்னால் போகும் வண்டியை வலப்புறமாகவே முந்த வேண்டும் என்பதை ஜெயலக்ஷ்மி மாவு அரைத்துக்கொண்டே ராகத்தோடு சொன்னாள். நானோ தெருவில் நடக்கும்போதே வலக்கையை நீட்டிச் சுழற்றிவிட்டுத்தான் இடப்பக்கம் திரும்பினேன்.

5. கடந்த 24.11.1999 புதன்கிழமை தேர்வுக்கு வந்தேன். ஆய்வாளர் அவர்கள், "குறுகலான பாலத்தில் எதிரே ஒரு வண்டி ஏறிவிட்டால் என்ன செய்வீர்?" என்று கேட்டார். கணீரென்ற குரல். பாடம் சொல்லிவைக்கவே பிறந்த குரல். அது வந்து முடியும் வரை நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்ற பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "குறுகலான பாலத்தில் எதிரே ஒரு வண்டி ஏறிவிட்டால் என்ன செய்வீர்" என்று இழுத்து ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் தொடங்கியபோது, எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையார்பாளையத்து நெசவாளர் திரு. வீரபத்திரன், இதுதான் அலுவலக நடைமுறை போலும் என்று எண்ணித் தானும் சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்து வரிசையில் நின்ற மற்றவர்களும் சேர்ந்தார்கள். இரண்டோடு நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததால் மூன்றாம் தரமும் நடந்தது.

6. ஆய்வாளர் அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து, "இன்னாய்யா, கிண்டல் பண்ணிக்கினு இருக்கியா?" என்றார். எழுதவே கை கூசுகிறது. அதையும் இரண்டு தரம் சொன்னேன்.

7. விண்ணப்பத்தில் 'அலுவலரைக் கேலி செய்தார்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். வெளியே திரு. வீரபத்திரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தாங்கவில்லை. தங்கள் அலுவலக வாசலில் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதை யாராவது பார்த்துப் புகார் செய்திருந்தால் அது மட்டும் உண்மை.

8. வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதம் என்றால் மார்கழியில் எட்டு, ஒன்பது நாள் போய்விடும். ஐயம்பேட்டை ஜனங்கள் பனியில் குளித்துவிட்டு வந்து யார் வாயைப் பார்ப்பார்கள்? வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டால் அவரே முப்பது நாளும் தொடங்குவார். அதுதான் நியாயம். எனக்குத்தான் இன்னொரு முறை இப்படி வாய்க்காது. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது, ஐயா.

9. இப்போது மானஸா முறையை மாற்றிவிட்டாள். கேள்வி கேட்கும் முன் என் வாயில் ஒரு துண்டு கற்கண்டைப் போடுகிறாள். அதை மென்று விழுங்கிய பிறகே பேச அனுமதி. "பதிலை மட்டும் சொல்லுங்கோப்பா, பதிலை மட்டும்" என்கிறாள். நேற்று அறுபதில் ஐம்பத்தேழு சரியாக வந்தது.

ஆகவே, தாங்கள் மனமிரங்கி, வரும் வாரத்திலேயே எனக்கு மறுதேர்வு வைக்க உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதே ஆய்வாளர் அவர்களே கேட்கட்டும். கேட்டபின் எனக்காக ஒரு மூச்சு நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருபத்தாறு வருஷப் பழக்கம் அந்த மூச்சில் என்னைப் பின்வரிசைக்கு இழுக்கும். இழுக்கட்டும். அதன் பிறகு முதல் வார்த்தையை நானே சொல்வேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ந. அழகியமணவாளன்

இடம்: சின்னக் காஞ்சிபுரம்
நாள்: 26.11.1999

இணைப்பு: அறுபது கேள்விகளுக்குமான பதில்கள், என் கைப்பட. ஒவ்வொன்றும் ஒரு தரம் மட்டும்.