பத்தாவது ஆட்டம்

மச்சான்,

இன்று காலை வெளியூர் ஐஸ் ஹொக்கி அணி ஒன்று இங்கே பயிற்சிக்கு வந்திருந்தது. அரீனாவின் கதவைத் திறந்ததும் ஈரக் கையுறைகளின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஆடப்போகிறவர்கள் எல்லோரும் பயிற்சி முடித்து உடைமாற்றப் போய்விட்டார்கள். இன்றைய ஆட்டத்தில் இடமில்லாத நான்கைந்து பேர் மட்டும் ஐஸில் நின்றார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பத்தொன்பது வயது. போன வருடம் அணிகள் புதுப் பெடியன்களைத் தெரிவுசெய்தபோது இரண்டாவதாக எடுக்கப்பட்டவன். என்னைப்போலப் பத்திரிகைக்கு எழுதுகிறவர், அவர்களோடு பயணம் செய்யும் நிருபர், என் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டு, "இவன் சரிவரமாட்டான் போல" என்றார். பஸ் பிந்தி வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நீ திட்டுவதைக் கேட்கவேண்டும் போலிருந்தது. போனை எடுத்து உன் பெயரைத் தேடும்போதுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எல்லைக்குத் தெற்கே ஓர் அணிக்காக ஒன்ராறியோவின் சின்ன ஊர் அரீனாக்களில் எல்லாம் பதினேழு வயதுப் பெடியன்களைப் பார்த்து, யாரை எடுக்கலாம் என்று சொல்வது உன் வேலை. "ஊரான் பிள்ளையள் எவ்வளவு வேகமா ஓடுதெண்டு தெரியும். தன்ர பிள்ளை எத்தினையாம் வகுப்பெண்டு கேளுங்கோ அண்ணை" என்று உன் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நீ விரல்விட்டு எண்ணுவதுபோல நடிப்பாய்.

வடக்கே ஒரு சுரங்க ஊரில் நீ கண்டுபிடித்த பெடியனைப் பற்றித்தான் அதிகம் பேசினாய். மற்றவர்கள் பக் என்கிற அந்த ரப்பர் வட்டை ஓரமாகக் கொண்டுபோகும்போது அவன் நடுவால் போவான், மூன்று பேருக்கு இடையில். பாதித் தரம் பறிகொடுப்பான். மீதிப் பாதியில் அரங்கமே எழும்பி நிற்கும். "உவன் பிழை விடுவான் எண்டு தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னனான்" என்றாய். உன் அணி அவனை மூன்றாவதாக எடுத்தது.

இந்த ஏற்பாட்டை நீ எனக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாய். போன பருவத்தில் கடைசியில் வந்த அணிகளுக்கே முதல் தெரிவுகள். நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் ஆகத் திறமையான பெடியன் ஆக மோசமான அணிக்குள் போய் விழுகிறான். பக்கத்தில் ஆடுகிறவனுக்குப் பாஸ் பிடிக்கத் தெரியாது. பயிற்சியாளருக்கோ வேலை போகிற பயம். எதிரே வருகிறவன் முப்பது வயதுப் பிள்ளைகுட்டிக்காரன், தன் இடத்தைக் காப்பாற்ற எலும்பை உடைக்கவும் தயாரானவன். அப்போதைய விதியில் இடைப்படியும் கிடையாது. வளர்ந்தவர்களின் இரண்டாம் நிலை லீக்குக்கு அந்த வயதுப் பெடியனை அனுப்ப முடியாது. மேலே வைத்திருக்கவேண்டும், இல்லையேல் பழைய ஜூனியர் அணிக்குத் திருப்பவேண்டும். ஒன்பது ஆட்டங்கள் வரை ஆடவிட்டுப் பார்க்கலாம். பத்தாவதை ஆடிவிட்டால் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு யாரும் லேசில் திருப்பி அனுப்புவதில்லை.

அவனுடைய ஒன்பதாவது ஆட்டத்தை ரூஜ் பகுதியில் உன் வீட்டு பேஸ்மென்ற்றில் பார்த்தோம். முதல் பகுதியிலேயே நடுவால் போனான், பறிகொடுத்தான், எதிரணி கோல் அடித்தது. அதற்குப் பிறகு அவனை இறக்கவே இல்லை. ஓரத்து வாங்கில் உட்கார்ந்து தன் தடியைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைக் கமரா திரும்பத் திரும்பக் காட்டியது.

"ஒரு பிழைக்கு முழு ஆட்டமும் இருத்துறதோ? உந்தக் கிழவன் பறிகுடுத்து ரெண்டு கோல் விழுந்தது, அவன் ஓடித்திரியிறான்!"

"அவன் பழகினவன், மச்சான்" என்றேன்.

"எப்பிடிப் பழகினவன்? பிழை விட்டுத்தானேடா பழகினவன். இவனை எங்க பழக விடுறாங்கள்?"

"அண்ணை, ரிமோட்டை வாங்கி வையுங்கோ" என்று மேலேயிருந்து உன் மனைவியின் குரல் வந்தது. "போன முறை ரிவிக்கு எறிஞ்சவர்."

மறுநாள் காலை உன் காரில் இருந்தபடியே உன் மேலாளரை அழைத்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். ஜூனியரில் அவன் பாதி ஆட்டத்துக்கு ஐஸில் நிற்பான், பறிகொடுத்தாலும் அடுத்த முறை இறங்குவான், ஒரு வருடம் அங்கே விடுங்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய். சனங்கள் அவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார் அவர். உனக்கு நன்றியும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு, "நீயாவது எழுதடா" என்றாய். எழுதினேன். பிறகு அந்த மேலாளரைக் கண்டபோது, வாசித்ததாகவும் நல்ல கட்டுரை என்றும் சொன்னார். அவர் வாசிப்பதற்கு முன்பே பெடியன் பத்தாவது ஆட்டத்தை ஆடி முடித்திருந்தான்.

மூன்று பருவங்களில் அவன் நன்றாகப் பழகிவிட்டான். பக் வந்தால் அரங்கைச் சுற்றியுள்ள கண்ணாடியில் அடித்துத் தன் பக்கத்தை விட்டு வெளியே தள்ளிவிட்டு வாங்குக்குத் திரும்புவான். இப்போது அவனிடம் பிழையே இல்லை என்று பயிற்சியாளர் பேட்டியில் மெச்சினார். "உவங்கள் அவனைப் பிழை விடாதவனாக்கிப் போட்டாங்கள்" என்றாய். அன்று நீ சத்தம் போடவில்லை. அடுத்த கோடையில் அவனை வேறோர் அணிக்குக் கொடுத்தார்கள். உன் தெரிவுகள் பலன் தரவில்லை என்று சொல்லி உன்னையும் நிறுத்தினார்கள். அந்தப் பயிற்சியாளருக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

உன் இறுதிச் சடங்குக்கு அவன் வந்திருந்தான். ஸ்காபரோவில் அந்த மண்டபம் நிறைய நம் சனம். நடுவில் ஆறரை அடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரன். "உவர் ஆர் தம்பி, பேங்க் மனேஜரோ?" என்று ஓர் அன்ரி என்னிடம் கேட்டார்.

வெளியே கார் தரிப்பிடத்தில் அவனே என்னிடம் வந்தான். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நீ ஒரு வரி அனுப்புவாயாம், உன் வேலை போன பிறகும். "இன்று ஒரு தரமாவது நடுவால் போனாயா?" அவன் ஓம் என்று பதில் போடுவானாம்.

"பெரும்பாலும் பொய்" என்றான். "அவர் ஆட்டத்தை ரிவியில் பார்த்திருப்பார் என்றும் தெரியும். ஆனாலும், நல்லது, நாளைக்கும் போ என்றுதான் எழுதுவார்."

இதை நீ என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ரிமோட்டை எறிகிற மனிதன் அந்தப் பொய்யை இத்தனை வருடம் எப்படிப் பொறுத்துக்கொண்டாய்?

இன்று பயிற்சி முடிந்து அந்த அணியின் பயிற்சியாளர் நிருபர்கள் எங்கள் முன் வந்து நின்றார். மற்றவர்கள் காயம்பட்டவர்களைப் பற்றிக் கேட்டார்கள். நான் அந்தப் பத்தொன்பது வயதுப் பெடியனைப் பற்றிக் கேட்டேன். "அவன் பக்கை நடுவில் பறிகொடுத்தால், அடுத்த முறையும் அவனை இறக்குவீர்களா?"

"அது அவன் கையில் இருக்கிறது" என்றார்.

பெடியன் எங்களைக் கடந்து பஸ்ஸுக்குப் போனான். நடுவால் போனாயா என்ற உன் கேள்வியை அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பான். ஆகையால், பறிகொடுத்தவனை மறுபடி இறக்குவீர்களா என்று பயிற்சியாளர்களிடம் கேட்கிறேன், வருகிற ஒவ்வோர் அணியிடமும். எல்லோரும் இதே பதிலைத்தான் தருகிறார்கள். சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன். நன்றி மட்டும் சொல்வதில்லை.