லேமினேஷன் போட்ட பெட்டி

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு நம் வீட்டுக் குளியலறை அடியோடு மாறிவிட்டது. ஷாம்பு பாக்கெட் கிடையாது, பிளாஸ்டிக் சீப்பு கிடையாது. மரச்சீப்பு, எவர்சில்வர் டப்பாவில் சீயக்காய்த்தூள், அவசரத்துக்கு ஒரு ஷாம்புக்கட்டி. தண்ணீர் போகும் குழாயை அடைத்துக் கிடந்த பாக்கெட்டுகளை ஒருநாள் கையை விட்டு அள்ளினேன் பாருங்கள், அன்றோடு வெறுத்துவிட்டது. அம்மாதான் மல்லுக்கு நின்றாள். "பாத்தீகளா, துணிக்குப் போடுற மாதிரி கட்டியைத் தலைக்குப் போடச் சொல்லுதா உங்க மக" என்று உங்கள் படத்திடம் புகார் வேறு. இப்போது அவளே கேட்டு வாங்கித் தேய்க்கிறாள்.

கட்டியைச் செய்வது ஆமத்தூர்ப் பெண் முத்துலட்சுமி. அடுப்படி ஓரத்தில்தான் தொடங்கினாள்; இப்போது விருதுநகர்க் கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள். பெட்டி அடித்துக் கொடுப்பது திருத்தங்கலில் நம் அச்சகம்தான். பெட்டியில் பச்சை எழுத்தில் 'பிளாஸ்டிக் துளியும் இல்லை'. சொந்தபந்தம் எல்லாருக்கும் பெருமையடித்து வாங்கிக் கொடுத்தேன்.

காலிப் பெட்டிகளை அம்மா ஊக்கு, ரப்பர்பேண்டு போட எடுத்து வைத்துக்கொள்வாள். போன வாரம் ஒன்றைக் கிழித்து உரக்குழியில் போடப் போனேன். கிழியவில்லை அப்பா. மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தோல் தனியாக உரிந்து வந்தது. லேமினேஷன்!

அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி குமரேசனிடம் ஓடினேன். அவன் கூசாமல் சொல்கிறான்: "ஆமாக்கா, போட்டேன். பட்டாசுப் பெட்டிக்கு எப்பவும் போடுறதுதானே? பளபளன்னு இல்லைன்னா யாரு வாங்குவாக? அந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லவே இல்லையே."

"ஏலே, பெட்டி மேல இருக்கிறதை நீதானே அச்சடிச்ச? படிக்கலையா?"

"எழுத்தை எவன் படிக்கான்க்கா? கலரு சரியா விழுதான்னுதான் பாப்போம்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் வஞ்சகம் செய்யவில்லை, பழக்கதோஷம். ஆனால் தீபாவளி சீசனுக்கான லோடையும் அப்படியே அடித்துக் கட்டி வைத்திருக்கிறான். யாராவது உரித்துப் பார்த்தால் ஊர் அவளைத்தானே பொய்க்காரி என்னும்?

"சொல்லாதக்கா. ஆர்டரும் போயிரும், அச்சகம் பேரும் போயிரும். அப்பா இருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டாக" என்கிறான்.

அந்தச் சொல்தான் என்னைப் போட்டு அறுக்கிறது. அப்படியா அப்பா? பேசாமல்தான் இருந்திருப்பீர்களா? இல்லை என்று அவனிடம் அடித்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லையே.

நாளைக் காலை ஆமத்தூர் பஸ் ஏறுகிறேன். உரிந்த பெட்டியை முத்துலட்சுமி கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்வேன். அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றால், உங்களுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மூத்த மகள்,
கலா